ஸ்விஃப்டுக்குப் போட்ட ஸ்பாய்லர்: பொருள் சரி, ஒட்டியதுதான் சரியில்லை

ஆறு மாதத்துக்கு முன்னால் சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் என் ஸ்விஃப்ட் காருக்குப் பின்பக்க ஸ்பாய்லர் (டிக்கிக் கதவின் மேல் ஓரத்தில் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாகம்) போட்டேன். ஏபிஎஸ் பிளாஸ்டிக், வண்டி நிறத்திலேயே பெயின்ட் அடித்தது, வெயிலில் பார்த்தால் மட்டும் லேசான நிற வித்தியாசம் தெரியும். பொருளில் எனக்குக் குறையில்லை.

ஆனால் மாட்டிய விதம் ரொம்ப மோசம். அழுக்குத் துணியால் ஒரு துடை, டேப்பை ஒட்டி ஒரு அழுத்து, "எடுத்துட்டுப் போங்க சார்" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாளே வாட்டர் வாஷுக்கு விட்டேன், இரண்டு வாரத்தில் இடது ஓரம் தூக்கிக்கொண்டது. திரும்பப் போனால் டிக்கிக் கதவில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கலாம் என்கிறார்கள். வேண்டவே வேண்டாம் என்று வந்துவிட்டேன், துளை வழியாகத் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தால் யார் பார்ப்பது?

அப்புறம் நானே கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பாலிஷ் பிசுக்கு போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 3எம் விஹெச்பி என்ற, இரண்டு பக்கமும் பலமாக ஒட்டும் டேப் போட்டு ஒட்டினேன். அந்த டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் வேண்டும், அதனால் ஸ்பாய்லர் அசையாமல் இருக்க மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி மூன்று நாள் வண்டியை நிழலில் நிறுத்தி வைத்தேன். இந்த மழைக்கும் அசையவில்லை.

ஓட்டுவதில் எந்த மாற்றமும் இல்லை, இது அழகுக்குத்தான். வாங்கும் முன் மேலே இருக்கும் பிரேக் விளக்கை மறைக்கிறதா என்று வைத்துப் பாருங்கள்.