காது மெஷின் அருமனைக்குப் போன கதை

அப்பாவின் காது மெஷின் மழையில் நனைந்து கெட்டுப்போய், சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போயிருந்தது. மஸ்கட்டிலிருந்து நான் லீவில் குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் உள்ள எங்கள் ஊருக்கு வந்த வாரம் அது திரும்பி வர வேண்டியது. வந்ததோ மெசேஜ் மட்டும்தான். பார்சல் டெலிவரி ஆகிவிட்டதாம், மதியம் இரண்டரை மணிக்கு. அந்த நேரம் நான் வீட்டுச் சிட்டவுட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மா பக்கத்தில் ஏத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கேட் திறந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

அப்பாவின் போனை எடுத்துப் பார்த்தால் தெரியாத நம்பரிலிருந்து மிஸ்டு கால்கள். பார்சலில் எழுதியிருந்தது அப்பாவின் நம்பர். காது கேட்காத மனிதருக்குக் காது மெஷின் வருகிறது என்று போன் போட்டால் அவர் எப்படி எடுப்பார்? அந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலம் சுவிட்ச் ஆஃப்.

கூரியர் கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்களுடைய கஸ்டமர் கேரில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சுற்றவிட்டு, கடைசியில் ஒரு பெண் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அனுப்பியவர்தான் புகார் பதிய முடியும், வாங்க வேண்டியவர் பதிய முடியாது என்று முடித்துவிட்டார். சரி என்று சர்வீஸ் சென்டரைக் கூப்பிட்டால், "எங்க சைடுல டெலிவர்டு காட்டுது சார், கூரியர்ல கேளுங்க" என்கிறார்கள். மெஷின் 30,000 ரூபாய்க்கு மேல். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினால் நாம் எங்கே போவது?

இந்த இடத்தில் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கூரியருக்குக் காசு கட்டியது சர்வீஸ் சென்டர். ஒப்பந்தம் அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில். நாம் காசு கொடுத்தது சர்வீஸ் சென்டருக்கு. அதனால் நாம் பிடிக்க வேண்டிய ஆள் அவர்கள்தான். மறுநாள் காலையில் இதை அப்படியே ஒரு மின்னஞ்சலில் எழுதினேன்: பார்சல் கைக்கு வரவில்லை, யார் வாங்கினார் என்பதற்கான ஆதாரத்தைக் கூரியரிடம் கேட்டு வாங்கி அனுப்புங்கள் என்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் கூப்பிட்டேன். தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து ஒரு எண் கொடுத்து, சம்பந்தப்பட்ட கம்பெனிக்கு அனுப்பி வைக்கிறார்கள். அது கோர்ட் இல்லை, உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் அந்த எண்ணை மின்னஞ்சலில் சேர்த்து எழுதிய பிறகு சர்வீஸ் சென்டரின் குரல் கொஞ்சம் மாறியது.

அப்புறம் நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று மார்த்தாண்டத்தில் உள்ள கூரியர் ஆபீசுக்கு, சித்தப்பா மகனின் பைக்கில் போனோம். கஸ்டமர் கேரில் இந்த ஆபீசின் முகவரியைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். பக்கத்து மளிகைக்கடைக்காரர் சொன்னார். பாதி இறக்கிய ஷட்டர், தரையில் குவிந்து கிடக்கும் பாலிதீன் கவர்கள், நடுவில் ஸ்கேனரோடு ஒரு பையன். மேனேஜர் என்று சொல்லிக்கொண்டவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். "அண்ணே, சிஸ்டத்துல டெலிவர்டு காட்டுதே" என்று ஆரம்பித்தார்.

"சிஸ்டத்தை விடுங்க தம்பி, போட்டோ எடுத்திருப்பாங்கல்லா, அதைக் காட்டுங்க" என்றேன். கேட்டால்தான் காட்டுவார்கள். மஸ்கட்டில் எங்களுக்குத் தபால் வருவது பெட்டி எண்ணுக்குத்தான். வீட்டுக்கு வரும் கூரியர்காரன் வாட்ஸ்அப்பில் லொகேஷன் வாங்கி, வந்து சேர்ந்ததும் ஒரு படம் எடுத்துக்கொள்வான். இங்கேயும் பல கம்பெனிகள் அப்படிச் செய்கின்றன. ஆனால் அந்தப் படம் அவர்கள் கணக்குக்காக எடுப்பது, நமக்கு வராது.

படம் வந்தது. ஒரு வீட்டுத் திண்ணை, அதன்மேல் எங்கள் பார்சல், பின்னால் கயிற்றில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டுகள். சித்தப்பா மகன் சிரித்துவிட்டான். எங்கள் ஊர் கடலுக்குப் பக்கம். தென்னையும் வாழையும்தான். ஷீட் அடிக்கிற மெஷின் வைத்திருக்கிற வீடு ஒன்றுகூடக் கிடையாது. ரப்பர் என்றால் வடக்கே, மலையடிவாரத்துப் பக்கம் போக வேண்டும். மேனேஜருக்கும் இது தெரியாமல் இல்லை. தலையைச் சொறிந்தார். அவர் கம்ப்யூட்டரில் இருந்த முகவரியை நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். டெலிவரி பையன் அன்றைக்கு லீவாம்.

விஷயத்தை அவிழ்த்தது எங்கள் ஊர்ப் போஸ்ட் ஆபீஸ் அம்மா. கிளை அஞ்சலகம் என்றால் ஒரு அறை, ஒரு மேசை, ஒரு கையடக்கக் கருவி. அவ்வளவுதான். இத்தனைக்கும் இது அவருடைய பார்சலே இல்லை. முகவரியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது நம்ம பின்கோடு இல்லையே. இது அருமனைப் பக்கம்" என்றார். எங்கள் ஊர்ப் பெயர் விளை என்று முடியும். மாவிளை, புளியவிளை, காட்டுவிளை என்று இந்த மாவட்டத்தில் திரும்பின பக்கமெல்லாம் ஒரே பெயரில் ஊர்கள். 1972-இல் பின்கோடு வந்ததே இந்தக் குழப்பத்துக்காகத்தான். 629 என்ற முதல் மூன்று இலக்கம் குமரி மாவட்டம் முழுவதற்கும் பொது. எந்தப் போஸ்ட் ஆபீஸ் என்று சொல்வது கடைசி மூன்று இலக்கம். சர்வீஸ் சென்டரில் ஊர்ப் பெயரைத் தட்டியிருக்கிறார்கள், கம்ப்யூட்டர் முதலில் காட்டியதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வேறொரு விளைக்குப் போய்ச் சேர்ந்த பையன், அப்பா போன் எடுக்காததால் ஏதோ ஒரு திண்ணையில் வைத்துவிட்டுப் படம் எடுத்துவிட்டான். பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் இந்தப் பையன்களுக்குக் கூலி. திருப்பிக் கொண்டுபோனால் அன்றைய கணக்கில் அது விழாது.

மறுநாள் அருமனைப் பக்கம் போனோம். போகிற வழியில் மார்த்தாண்டம் பாலத்தடியில் நின்ற நேரத்தை எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். அந்த விளையில் டீக்கடையில் போட்டோவைக் காட்டியதும் வீட்டைச் சொல்லிவிட்டார்கள். வயதான ஒரு அம்மா, பார்சலைப் பிரிக்காமல் பீரோவுக்கு மேலே வைத்திருந்தார். "எவனோ வச்சிட்டுப் போயிட்டான் மக்களே. யாரு தேடி வருவான்னு பாத்துட்டு இருக்கேன்" என்றார். கட்டன் சாயா குடிக்காமல் விடவில்லை.

இது கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். கிடைக்காமல் போயிருந்தால்? அடுத்த வழி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கம்பெனி சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நாம் கொடுத்த காசு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2025-இல் வந்த இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம் என்பதால் லீவு முடிகிறதே என்று பதற வேண்டாம். ஆன்லைன் கடையில் வாங்கிய பொருள் என்றால் இன்னும் எளிது: அவர்களுடைய குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

ஸ்பீடு போஸ்டில் அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். எங்கள் ஊருக்கு அதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன், ஏனென்றால் கொண்டுவருகிற ஆளுக்கு வீடு தெரியும். 2025 அக்டோபரிலிருந்து ஓடிபி சொன்னால்தான் கையில் கொடுக்கும் வசதியும் அதில் வந்திருக்கிறது. ஆனால் தொலைந்தால் கிடைப்பது கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 30,000 ரூபாய்ச் சாமானுக்கு இன்சூரன்ஸ் போடாமல் அனுப்பக் கூடாது. ஓடிபி என்றதும் இன்னொன்று: ஓமன் நம்பரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். வீட்டில் எந்நேரமும் போன் எடுக்கிற ஆளின் இந்திய நம்பரைக் கொடுங்கள். பார்சலைக் கண்ணால் பார்க்காமல் போனில் யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லக் கூடாது என்று அவரிடம் சொல்லியும் வையுங்கள்.

மெஷின் கைக்கு வந்த பிறகு மார்த்தாண்டம் மேனேஜரிடமிருந்து போன். 1915 புகார் மேலிடத்துக்குப் போயிருக்கிறது. "அண்ணே, சாமான் கிடைச்சாச்சுல்லா, அந்தக் கம்ப்ளெயின்ட வாபஸ் வாங்கிருங்க. பையனுக்குச் சம்பளத்துல பிடிச்சிருவாங்க" என்றார். அப்பாவும் பாவம் விட்டுரு என்றார். பையன் விஷயத்தில் எனக்கும் அதே எண்ணம்தான். பின்கோடு தவறு அனுப்பியவர்களுடையது, பையனிடம் எதையும் பிடிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் வாங்க வேண்டியவரின் புகாரைப் பதியவே மாட்டோம் என்றதற்கும், கேட்காமல் போட்டோவைக் காட்டாததற்கும் கம்பெனி பதில் சொல்லட்டும் என்று புகாரை அப்படியே விட்டிருக்கிறேன். சர்வீஸ் சென்டர் எங்களிடம் வாங்கியிருந்த கூரியர் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கம்பெனி கூப்பிட்டால் பேசுவதற்குச் சித்தப்பா மகனின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.