துகள் பிரிக்கும் நுண்சிப்: தூண்களா, சுழல் கால்வாயா, ஒலியா?

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள் உண்டு. புற்றுக்கட்டியிலிருந்து கழன்று வந்த செல்கள் அதே ரத்தத்தில் இருந்தால், பெரும்பாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலவற்றைச் சேதமில்லாமல் வெளியே எடுக்க வேண்டும். வெறும் வடிகட்டியை வைத்தால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அதனால்தான் முடியிழை அளவுக் கால்வாய்கள் கொண்ட நுண்பாய்ம சிப்களில் ஓடவிட்டே பிரிக்கிறார்கள்.

துல்லியம் வேண்டுமென்றால் தூண் வரிசைதான். 2004-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஆஸ்டின், ஜேம்ஸ் ஸ்டர்ம் உள்ளிட்டோர் காட்டிய வழி இது. சிப்புக்குள் வரிசை வரிசையாக நுண்தூண்கள் நிற்கும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிடக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளியிருக்கும். இவ்வளவு சிறிய இடத்தில் திரவம் கலங்காமல், பட்டை பட்டையாகத்தான் ஓடும். சின்னத் துகள் தன் பட்டையை விடாமல் வளைந்து நெளிந்து போய்விடும். பெரிய துகளின் மையம் பட்டைக்குள் அடங்காது; தூண் அதை அடுத்த பட்டைக்குத் தள்ளிவிடும். வரிசைக்கு வரிசை இதே கதைதான். கடைசியில் இரண்டும் வெவ்வேறு வாயில் வெளியேறும். 0.8, 0.9, 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) அளவுள்ள சோதனை மணிகளை அந்த முதல் ஆய்விலேயே தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். 2016-ல் ஐபிஎம் ஆய்வாளர்கள் இதையே 20 நானோமீட்டர் வரை கொண்டுபோனார்கள்.

ஆனால் மணிகளை வைத்துப் பெற்ற துல்லியத்தை அப்படியே ரத்தத்துக்கும் எதிர்பார்க்கக் கூடாது. சிவப்பணு 8 மைக்ரான் அகலம், தடிமனோ 2 மைக்ரான் அளவுதான். தட்டு போன்ற அது சாய்ந்து ஓடும்போது, சிப் அதைச் சின்னத் துகளாகவே எடுத்துக்கொள்ளும். மென்மையான செல்கள் நசுங்கியும் நழுவிவிடும். ஓட்டமும் மெதுவானது: ஒரு தூண் தொகுப்புக்கு நிமிடத்துக்குச் சில மைக்ரோலிட்டர் என்பது சாதாரணம். தூண்களுக்கிடையே ஒரு தூசி சிக்கினால் அந்தப் பகுதியே குழம்பிவிடும். மாதிரி ஒரு சொட்டுதான், தேடுவது நானோ அளவு என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். 7 மில்லிலிட்டர் ரத்தம் கையில் இருந்தால் வேண்டாம்.

அந்த இடத்தில் சுழல் கால்வாய் வெகு தூரம் முன்னே நிற்கிறது. 1961-லேயே செக்ரே, சில்பர்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: குழாயில் ஓடும் துகள்கள், மையத்திலிருந்து ஆரத்தின் 0.6 பங்கு தூரத்தில் தாமாகவே வளையமாக அணிவகுக்கின்றன. கால்வாயைச் சுருளாக வளைத்தால் குறுக்கே ஒரு சுழற்சியும் சேரும். பெரிய செல்கள் உள்சுவரை ஒட்டி நிற்கும். சின்னவை சுழற்சியோடு விலகிப் போகும். சிப்புக்குள் மின்சாரமும் வேண்டாம், தூணும் வேண்டாம். பம்பு ஒன்று போதும். நிமிடத்துக்கு மில்லிலிட்டர் கணக்கில் ஓட்டலாம். இதற்குக் கொடுக்கும் விலை? ரத்தத்தை நீர்க்கச் செய்தாக வேண்டும். நெருக்கமாக இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று இடித்து வரிசையைக் கெடுக்கும். கால்வாய் உயரத்தில் சுமார் 0.07 பங்கைவிடச் சிறிய துகள் வரிசைக்கே வராது. 50 மைக்ரான் கால்வாயில் அந்த எல்லை 3.5 மைக்ரான்.

சரி, இரண்டுமே அளவைத்தான் பார்க்கின்றன. வெள்ளணுவும் புற்றுச்செல்லும் அளவில் ஒன்றோடொன்று மேற்கவிந்தால் என்ன செய்வது? ஒலியின் பலம் இங்கேதான் தெரிகிறது. சுவர்களுக்கிடையே எதிரொலித்து ஒரே இடத்தில் நிற்கும் ஒலியலையில், அதாவது நிலை அலையில், துகள் எங்கே போகும் என்பதை அதன் அடர்த்தியும் அமுங்கும் தன்மையும் முடிவு செய்கின்றன. தண்ணீரில் 2 மெகாஹெர்ட்ஸ் ஒலிக்கு அரை அலைநீளம் 375 மைக்ரான். கால்வாயை அந்த அகலத்தில் செதுக்கினால் சிவப்பணுக்கள் நடுவே கூடும், கொழுப்புத் துளிகள் சுவரை நோக்கி ஒதுங்கும். இரண்டும் ஒரே அளவாக இருந்தாலும் பிரிந்துவிடும்! செல்களுக்கும் இது இதமானது. ஆனால் விசை கன அளவைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் விசை எட்டில் ஒன்று. சுமார் 1 மைக்ரானுக்குக் கீழே, ஒலி கிளப்பும் திரவச் சுழலே துகளை இழுத்துக்கொண்டு போய்விடும். ரப்பர் போன்ற மலிவான சிப்புப் பொருள்கள் ஒலியை உறிஞ்சும் என்பதால் பெரும்பாலும் கண்ணாடி, சிலிக்கான் என்று போக வேண்டும்.

மின்புலத்தால் பிரிக்கும் முறையும் உண்டு; செல்லின் மின்பண்புகளையே அது படிக்கும். ஆனால் வழக்கமாக உப்பு குறைந்த திரவத்துக்கு மாதிரியை மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த ஒரு படியிலேயே அரிய செல்களை இழக்க நேரிடும் என்பதால் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

என் தேர்வு இரண்டு கட்டம்: முதலில் சுழல் கால்வாயில் சிவப்பணுக் கூட்டத்தைக் கழித்து செல்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, அப்புறம் மிஞ்சியதை ஒலியில் மெதுவாகப் பிரிப்பது. சுழல் கால்வாயின் நீர்த்த வெளியீட்டைச் செறிவாக்கவும் அதே ஒலி உதவும்.