கொழுந்துத் தராசு முதல் கடைக் கவுண்டர் வரை: கொள்முதல் தேயிலை ஆலையில் ஈஆர்பிநெக்ஸ்ட்

நீலகிரியின் குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் வட்டாரத்தில், சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கித் தூளாக்கும் கொள்முதல் ஆலைகளில் கணக்கு வழக்கமாக மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். கொழுந்து வரவு நோட்டில், தூள் இருப்பு எக்செலில், பில்லும் ஜி.எஸ்.டி.யும் டேலியில். மாதக் கடைசியில் மூன்றும் ஒத்துப்போகாது. எத்தனை கிலோ தூள் எங்கே போனது என்ற கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் வரும். இந்த மூன்றையும் ஒன்றாக்க ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நிறுவன நிர்வாக மென்பொருள் போதுமா என்பதுதான் இங்கே பார்க்கப்போவது. பதிப்பு 15-ஐ வைத்து எழுதியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குடோன், பேக்கிங், சில்லறைக் கடை ஆகியவற்றுக்கு இது நல்ல மென்பொருள். தரம் பிரிக்கும் அறைக்கு ஒரு சுற்றுவழி தேவை. கொழுந்து எடை போடும் இடத்துக்கு, இறக்கியபடியே போட்டால் ஒத்துவராது. அங்கே கொஞ்சம் வேலை செய்தே ஆக வேண்டும். அந்த வேலையைத் தள்ளிப்போட்டு மற்றதை மட்டும் அழகாக அமைப்பவர்கள் மூன்று மாதத்தில் பழைய நோட்டுக்கே திரும்பிவிடுவார்கள்.

மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய திறமூல மென்பொருள் இது, ஜி.பி.எல். 3 உரிமத்தில் வருகிறது. ஆளுக்கு இவ்வளவு என்ற உரிமக் கட்டணம் இல்லை. தராசடி, டிரையர், குடோன், அலுவலகம், கடை என்று பத்துப் பன்னிரண்டு பேர் தொடும் ஆலைக்கு இது பெரிய சேமிப்பு. செலவு சர்வருக்கும், அமைத்துக் கொடுப்பவருக்கும்தான்.

கொழுந்துத் தராசிலிருந்து தொடங்குவோம். ஆலையின் எல்லாக் கணக்கும் அங்கேதான் பிறக்கிறது. ஒரு சிறு விவசாயியின் மூட்டைகள் தராசில் ஏறும்போது மூன்று எண்கள் உருவாகின்றன: மொத்த எடை, சாக்கு எடை, ஈரத்துக்கான கழிவு. மென்பொருளின் பர்சேஸ் ரசீப்டில் (சரக்கு வரவுப் பதிவில்) இருப்பதோ ஏற்ற அளவு, நிராகரித்த அளவு போன்ற கட்டங்கள்தான். ஈரக் கழிவை நிராகரித்த அளவில் போடுவது பலர் செய்யும் தவறு. நிராகரித்த சரக்குக்கு மென்பொருள் ஒரு தனிக் குடோன் கேட்கும், அங்கே அதை இருப்பாகவே வைத்துக்கொள்ளும். மழையில் வழிந்த தண்ணீர் மாதக் கடைசியில் டன் கணக்கில் இருப்பில் நிற்கும். மொத்த எடை, சாக்கு எடை, ஈரக் கழிவுச் சதவீதம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டங்களை நாமே சேர்த்து, அவற்றிலிருந்து நிகர எடை தானாகக் கணக்காகி ஏற்ற அளவில் விழும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதுவதே சரி. 150 கிலோ மொத்தம், 4 கிலோ சாக்கு, 5 சதவீத ஈரம் என்றால் நிகரம் 138.7 கிலோ. இந்த நான்கு எண்களும் விவசாயி கையில் கொடுக்கும் சீட்டில் அச்சாக வேண்டும், நிகரம் மட்டும் போதாது. கழிவு எவ்வளவு பிடித்தார்கள் என்பதுதான் மலையில் எந்த விவசாயியும் முதலில் கேட்கும் கேள்வி. அதை மறைக்கும் சீட்டுக்கு எந்த மென்பொருளும் மரியாதை சேர்க்காது.

எடையைக் கையால் தட்டச்சு செய்ய விடாதீர்கள். ஆர்.எஸ்.-232 வெளியீடு உள்ள, முத்திரையிட்ட மின்னணுத் தராசை நேரே கணினியில் இணைக்கலாம். குரோம் உலாவியில் சீரியல் போர்ட்டைப் படிக்கும் வசதி இருக்கிறது. தராசின் எண் நிலைத்த பிறகே பதிவாகும்படி ஓரிரு வினாடி இடைவெளி வையுங்கள். இல்லாவிட்டால் மூட்டை ஆடிக்கொண்டிருக்கும்போதே எடை விழுந்துவிடும்.

அடுத்த சிக்கல் நெட். இது முழுக்க உலாவியில் இயங்குவது, இணைப்பு போனால் நின்றுவிடும். ஆலைக்குள் ஃபைபர் இருந்தால் கவலையில்லை. ஆனால் கோத்தகிரிச் சரிவில் உள்ள ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) கொழுந்து சேகரிக்கும் இடங்களில் சிக்னல் வரும், போகும். அங்கே கைபேசியிலேயே எடையைச் சேமித்து, ஆலைக்கு வந்ததும் ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் தமக்குள் தரவு பரிமாறும் வழி) மூலம் அனுப்பும் சிறு செயலி தனியாக வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் கைபேசியே ஓர் எண் கொடுக்க வேண்டும். அந்த எண் மென்பொருளில் இரண்டாம் முறை நுழைய முடியாதபடி தனித்துவக் கட்டமாக அமைய வேண்டும். இல்லையேல் இணைப்பு பாதியில் அறுந்து மறுபடி அனுப்பும்போது ஒரே கொழுந்து இரண்டு முறை வரவாகும்.

விலை விஷயத்தில் மென்பொருள் நம் ஊர் நடைமுறைக்கு ஒத்துவருகிறது, இரண்டு சுவிட்சுகளைச் சரியாகப் போட்டால். பசுந்தேயிலைக்கு அந்தந்த மாதத்துக்கான சராசரி விலையை ஏல விலையை ஒட்டித் தேயிலை வாரியம் பின்னால்தான் அறிவிக்கிறது. கொழுந்து இறங்கும் நாளில் கைவசம் இருப்பது தற்காலிக விலை. பர்சேஸ் ரசீப்டைத் தற்காலிக விலையில் போட்டு, மாத முடிவில் அந்த விவசாயியின் எல்லா ரசீப்டுகளையும் ஒரே பர்சேஸ் இன்வாய்சில் இழுத்து, அறிவித்த விலையைப் போட வேண்டும். அதற்கு பையிங் செட்டிங்ஸில் கொள்முதல் முழுக்க ஒரே விலையைக் காக்கச் சொல்லும் டிக்கை எடுத்துவிட்டு, இன்வாய்ஸ் விலையை வைத்து சரக்கு மதிப்பைத் திருத்தும் டிக்கைப் போடுங்கள். பிறகு மென்பொருள் பின்னணியில் பழைய பதிவுகளை மறுகணக்கு செய்யும். ஆயிரக்கணக்கான ரசீப்டுகள் இருந்தால் நேரம் பிடிக்கும், இரவில் ஓட விடுவது நல்லது. பசுந்தேயிலைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, தூளுக்கு 5 சதவீதம். ஐடம் அளவிலேயே வரி வார்ப்பைக் கட்டிவிட்டால் பில் போடுபவர் யோசிக்க வேண்டியதில்லை. உரம், முன்பணம் கொடுத்ததை விவசாயியின் கணக்கிலேயே ஏற்றிவிட்டால் மாதப் பட்டுவாடாவில் கழித்துக்கொள்ளலாம்.

இனி உற்பத்தி. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். டிரையரிலிருந்து வரும் தூளில் 3 சதவீதம் அளவுக்குத்தான் ஈரம். அதனால் நூறு கிலோ கொழுந்து 22 முதல் 25 கிலோ வரை தூள் தரும். பி.ஓ.எம்.மில் (ஒரு பொருளுக்கான மூலப்பொருள் பட்டியலில்) 'புராசஸ் லாஸ்' என்று ஒரு கட்டம் இருப்பதைப் பார்த்ததும் 76 சதவீதம் என்று அதில் போடத் தோன்றும். வேண்டாம். ஆவியாகும் தண்ணீர் இழப்பு அல்ல, இந்தத் தொழிலின் இயல்பு. ஒரு கிலோ தூளுக்கு 4.25 கிலோ கொழுந்து என்று மூலப்பொருள் விகிதத்திலேயே வையுங்கள். புராசஸ் லாஸ் கட்டத்தைச் சிந்தல், தூசி போன்ற உண்மையான இழப்புக்கு விடுங்கள். சல்லடையில் ஒதுங்கும் தேயிலைக் கழிவை இதில் கரைத்துவிடக் கூடாது. அதற்கு 1959-ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தனிக் கணக்கு உண்டு, எனவே தனி ஐடம், தனிக் குடோன்.

விகிதம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் உற்பத்தி செட்டிங்கில், மூலப்பொருளை பி.ஓ.எம். கணக்கில் கழிக்காமல் உண்மையில் வாட்டும் தொட்டிக்கு மாற்றிய அளவில் கழிக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். ஒர்க் ஆர்டருக்கு (உற்பத்தி ஆணைக்கு) மேல் உற்பத்தியாகலாம் என்ற சதவீதத்தையும் பத்து வரை திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் நல்ல கொழுந்து வந்து அவுட்டர்ன் (கொழுந்துக்குக் கிடைக்கும் தூள் விகிதம்) ஏறிய நாளில் பதிவைச் சேமிக்க விடாது.

தரம் பிரிப்பில்தான் மென்பொருளின் வடிவமைப்பே குறுக்கே நிற்கிறது. பல பொருள்களைச் சேர்த்து ஒரு பொருள் செய்வதற்காக எழுதப்பட்டது அதன் உற்பத்திப் பகுதி. தேயிலையில் நடப்பது தலைகீழ்: ஒரே தூள் சல்லடையில் ஏறி பி.ஓ.பி.எஃப்., எஸ்.ஆர்.டி. என்று பல கிரேடுகளாக இறங்குகிறது. எனவே இரண்டு படியாகப் பிரியுங்கள். முதல் படி, கொழுந்திலிருந்து பிரிக்காத மொத்தத் தூள் வரை, சாதாரண ஒர்க் ஆர்டர். இரண்டாம் படி, மொத்தத் தூளிலிருந்து கிரேடுகள், ஸ்டாக் என்ட்ரியில் 'ரீபேக்', அதாவது ஒரு சரக்கை வேறு சரக்குகளாக மாற்றும் பதிவு.

ரீபேக்கில் வெவ்வேறு ஐடங்கள் வெளியே வரும்போது விலையை மென்பொருள் தானாகப் பிரிக்காது. ஒவ்வொரு வரியிலும் விலையைக் கையால் வைக்கும் டிக்கைப் போட்டு நாமே கொடுக்க வேண்டும். எல்லாக் கிரேடுக்கும் ஒரே விலை போட்டால் மட்ட ரகம் எப்போதும் நஷ்டத்தில் விற்பதாகவும், நல்ல ரகம் கொள்ளை லாபம் தருவதாகவும் அறிக்கை காட்டும். ஏல விலை விகிதத்தில் பிரிப்பதே நியாயம். பேச்சுக்கு ஒரு கணக்கு: 6,000 கிலோ கொழுந்து, 1,410 கிலோ தூள், உற்பத்திச் செலவும் சேர்த்து அடக்கம் 1,62,300 ரூபாய். இதில் 600 கிலோ ஏலத்தில் 130 ரூபாய் போகும் ரகம், 500 கிலோ 140 ரூபாய் ரகம், 310 கிலோ 90 ரூபாய் ரகம். விற்பனை மதிப்பு 1,75,900 ரூபாய். அடக்கத்தை இதால் வகுத்தால் 0.9227. அதை ஒவ்வொரு ஏல விலையோடும் பெருக்க, கிலோவுக்கு 119.95, 129.18, 83.04 ரூபாய். புரோக்கரின் கணக்குச் சீட்டில் வரும் கடைசி நான்கு வாரச் சராசரியை ஒரு சிறு பட்டியலில் வைத்து, ஸ்கிரிப்ட் இதைச் செய்யும்படி விடலாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கையால் வைத்த விலை கையால் வைத்ததாகவே நிற்கும். மாத முடிவில் கொழுந்து விலை மாறி மறுகணக்கு ஓடும்போது, மாற்றம் மொத்தத் தூள் வரை வந்து ரீபேக்கில் நின்றுவிடும். மிச்ச வித்தியாசம் சரக்குச் சரிக்கட்டுக் கணக்கில் போய் விழும். இதை அறியாத ஆடிட்டர் அந்தத் தொகையைப் பார்த்துத் திகைப்பார். அந்த வித்தியாசத்தை மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்து, விற்ற சரக்குக்கும் இருக்கும் சரக்குக்கும் பிரித்து ஒரு ஜர்னல் போடுவதே நடைமுறைத் தீர்வு. ஒப்பிட்டுச் சொன்னால், இந்த ஓர் இடத்தில் டேலி பிரைம் மேல். அதன் மானுஃபாக்சரிங் ஜர்னலில் உடன்விளைபொருளையும் துணைப்பொருளையும் தனியாகக் குறித்துச் செலவைச் சதவீதத்தில் பிரிக்கலாம்.

குடோனுக்கு வந்தால் மென்பொருள் தன் பலத்தைக் காட்டுகிறது. கிரேடு வாரியாக மூட்டை பிடித்ததும் லாட் எண்ணையே பேட்ச் எண்ணாக வையுங்கள். மூட்டையை அலகாக வைத்து 'ஒரு மூட்டை இத்தனை கிலோ' என்று கட்டிப்போடாதீர்கள். டஸ்ட் அடர்த்தியானது, இலை ரகம் பொங்கும், எடை ஒன்றாக இருக்காது. கிலோவில் இருப்பு, மூட்டை எண்ணிக்கைக்குத் தனிக் கட்டம். ஏலத்துக்குப் போகும் சரக்கு கை மாறும் வரை நம்முடையதுதான், ஆகவே ஏலக் குடோனை மென்பொருளின் குடோன் பட்டியலிலேயே ஒரு கிளையாகச் சேர்த்து, 'டிரான்சிட்' (வழியில் உள்ள சரக்கு) குடோன் வழியாக மாற்றுங்கள். மழையில் மேட்டுப்பாளையம் மலைப்பாதை அடைபட்டு லாரி நடுவழியில் நின்றாலும் சரக்கு எந்தக் கணக்கில் இருக்கிறது என்று தெரியும். ஏலத்தில் விற்றபின் அந்தக் கிளையிலிருந்து டெலிவரி நோட். சாம்பிளுக்கு எடுத்த கிராம்களை அன்றன்றே வெளியே எழுதிவிடுங்கள்.

சரக்கு வண்டிக்கான இ-வே பில், ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸ் இரண்டுக்கும் 'இந்தியா கம்ப்ளையன்ஸ்' என்ற இலவசச் செயலியை மேலே ஏற்ற வேண்டும், ஏ.பி.ஐ. அழைப்புகளுக்கு மட்டும் கட்டணம் உண்டு. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்தான் இ-வே பில். கூடலூர் வழியாகக் கேரளம் இறங்கும் வண்டிக்கு 50,000 ரூபாயே வரம்பு. மென்பொருளில் வரம்பு ஒரே எண்ணாகத்தான் இருக்கும், குறைந்ததையே வையுங்கள்.

மூட்டை லேபிளுக்கு ரிப்பன் போடும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரின்டரே வேண்டும். பில் ரோல் போன்ற நேரடித் தெர்மல் லேபிள் டிரையர் சூட்டில் கறுத்துவிடும், ஸ்கேனர் படிக்காது. தமிழ்ச் சீட்டுக்கு இரண்டு எச்சரிக்கை: சர்வரில் தமிழ் எழுத்துரு நிறுவாவிட்டால் பி.டி.எஃப்.பில் வெறும் கட்டங்கள் வரும். சிறிய பில் பிரின்டர்களுக்குத் தமிழ் தெரியாது, சீட்டைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். மென்பொருளின் தமிழ் இடைமுகம் அரைகுறை. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் நாமே மாற்றிக்கொள்ள இடம் இருப்பதால், தராசடியில் புழங்கும் சொற்களை மட்டும் மாற்றினால் போதும்.

பேக்கிங்கில் குறை சொல்ல அதிகமில்லை. 250 கிராம் பாக்கெட்டுக்கு 0.25 கிலோ கலவை, ஒரு பவுச், ஒரு லேபிள், பெட்டியில் பங்கு என்று பி.ஓ.எம். போட்டு, பவுச்சுக்கு மறுகொள்முதல் அளவும் வைத்துவிட்டால் அது தீரும் முன் கொள்முதல் கோரிக்கை தானாக எழும்.

ஊட்டியில் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க: பி.ஓ.எஸ். (கடைக் கவுண்டர்) பில்கள் உடனே சரக்குப் பேரேட்டில் ஏறுவதில்லை. நாள் முடிவில் குளோசிங் என்ட்ரி போட்ட பிறகே ஒன்றுசேர்ந்து ஏறுகின்றன. மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் கடைப் பையன் நான்கு நாள் குளோசிங் போடாமல் விட்டால் ஆலை அறிக்கையில் கடை நிறைந்திருக்கும், அலமாரி காலியாக இருக்கும். இரவு குளோசிங் போடாமல் மறுநாள் விற்பனையைத் திறக்க முடியாதபடி கட்டுப்பாடு வைப்பது அவசியம். நெட் இல்லாமல் பில் போடும் வசதியும் இதில் இல்லை, இரண்டாவது நிறுவனத்தின் சிம் ஒன்று கையில் வேண்டும்.

'நெகட்டிவ் ஸ்டாக்' அனுமதியை யார் கெஞ்சினாலும் திறக்காதீர்கள். இல்லாத தூளை விற்க விட்டால் அடக்க விலை முழுதும் குழம்பும்.

தொடங்க ஏற்ற காலம் ஜனவரி, பிப்ரவரி. பனியால் கொழுந்து குறைந்து தராசடியில் மூச்சு விட நேரம் இருக்கும். அந்த இரண்டு மாதம் நோட்டும் மென்பொருளும் சேர்ந்து ஓடட்டும். மார்ச் 31 இரவு குடோனில் மூட்டை மூட்டையாக எண்ணி, லாட் வாரியாகத் தொடக்க இருப்பு ஏற்றி, ஏப்ரல் 1 முதல் நோட்டை மூடலாம். பேக்கப் சர்வரின் அதே வட்டில்தான் இயல்பாக விழும், அதை வெளியே இன்னோர் இடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் அன்றைக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.