தெருவோவியக் கிட்: ஸ்ப்ரேயா, மார்க்கரா, பசையா?

தெருவோவியத்துக்கு ஒரு கிட் செய்யலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் மேல் அட்டையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெயர், லோகோ, பளபளப்பு எல்லாம் முடிவான பிறகே உள்ளே என்ன போடுவது என்ற பேச்சு வருகிறது. உண்மையில் உள்ளே போகும் பொருளை முதலில் முடிவு செய்தால், பெட்டியின் அளவு, எடை, அனுப்பும் வழி, எந்த வயதினருக்கு விற்கலாம் என்பது வரை பாதி வேலை தானாக முடிந்துவிடும். ஸ்ப்ரே, மார்க்கர், தாளில் வரைந்து பசையால் சுவரில் ஒட்டுவது என்று மூன்று வகைக் கிட்டுகளையும் நான் ஒரே அளவுகோலில்தான் பார்க்கிறேன். இதுவரை சுவரில் ஒரு கோடுகூடப் போடாத ஒருவர், வேறு எதையும் தேடி ஓடாமல், முதல் நாளே ஒரு படத்தை முடித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்ப்ரே கேனும் ஸ்டென்சிலும் (படத்தின் வடிவத்தை வெட்டியெடுத்த அட்டை அல்லது ஷீட்) தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். 1980களின் தொடக்கத்தில் பாரிஸ் சுவர்களில் பிளெக் லெ ரா என்ற தெருவோவியர் ஸ்டென்சில் வைத்து எலிகளை வரைந்தார். பாங்க்சி என்ற தெருவோவியர் அதே உத்தியில் உலகப் புகழ் பெற்றார். சில நிமிடங்களில் கூர்மையான படம் வேண்டுமென்றால் இதற்கு ஈடு கிடையாது.

ஆனால் கேனைப் பெட்டிக்குள் வைத்த உடனே சிக்கல் ஆரம்பிக்கிறது. 400 மி.லி. கேனில் இருப்பது சாயம் மட்டுமல்ல, எளிதில் தீப்பிடிக்கும் வாயுவும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவிடக் கூடாது என்று கேனிலேயே எழுதியிருக்கும். விமானப் பயணிகள் இதைப் பையில் கொண்டுபோக முடியாது. கூரியரில் ஆபத்தான சரக்குக்கான விதிகள் பொருந்தும். விற்பனைக்கும் கட்டுப்பாடு உண்டு. இங்கிலாந்தில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது. சிகாகோ நகரம் 1992-ல் விற்பனையையே தடை செய்தது.

அப்புறம் முகக்கவசம். காகித மாஸ்க் சாயத் துகள்களை ஓரளவு தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கார்பன் வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். அதைச் சேர்த்தால் விலை எகிறும். மலிவான மாஸ்க்கைப் போட்டுக் கொடுத்தாலோ, வாங்குகிறவர் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பி மூச்சிழுப்பார். அதை நான் ஏற்கவே மாட்டேன்.

கேன் இல்லாமல் ஸ்டென்சில், கேனுக்கான மாற்று முனைகள், நைட்ரைல் கையுறை, மாஸ்கிங் டேப் மட்டும் வைத்து விற்கலாம். ஏற்கெனவே கேன் வைத்திருப்பவருக்கு நல்ல பொருள்தான், புதியவருக்கு அரைக் கிட்.

எந்தக் கிட்டானாலும் ஸ்டென்சிலுக்கு மெனக்கெட வேண்டும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டை மலிவு, வெட்டவும் சுலபம். ஆனால் சாயத்தை உறிஞ்சி நாலைந்து முறையிலேயே விளிம்பு உப்பிவிடும். பாலியஸ்டர் ஷீட்டைத் துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தலாம். அதில் 125 மைக்ரான் மெல்லியது, ஓரம் தூக்கிக்கொண்டு சாயம் அடியில் புகும். 190 மைக்ரான் நன்றாகப் படுத்துக்கொள்ளும். நான் இதைத்தான் எடுப்பேன்.

தமிழ் எழுத்து ஸ்டென்சில் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ட, ப போன்றவற்றில் தொல்லை இல்லை. க, வ, ல, ண என்று வந்தால் சுழிக்குள் அடைபட்ட பகுதி வெட்டியதும் கையோடு வந்துவிடும். அதைப் பிடித்துவைக்கப் பாலம் விட வேண்டும், குறைந்தது 4 மி.மீ. அகலத்துக்கு. பாலத்தை வளைவின் நடுவில் வைத்தால் எழுத்து உடைந்ததுபோல் தெரியும்; கோடுகள் சந்திக்கும் இடத்தில் வைத்தால் கண்ணை உறுத்தாது.

மார்க்கர் கிட்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. நீர் கலந்த அக்ரிலிக் மார்க்கர்கள் அனுப்பச் சுலபம், வாடை குறைவு, சிறுவர்களுக்கும் கொடுக்கலாம். படுக்கை வாக்கில் அடுக்கினால் நிறமி ஒரு முனையில் தேங்காது. ஆனால் சொரசொரப்பான சுவரில் முனை பிய்ந்துபோகும், பெரிய பரப்பை நிரப்புவதற்குள் கை ஓய்ந்துவிடும். ஸ்டிக்கர் கிட் செய்கிறவர்களுக்கு இது சரி.

என் ஓட்டு பசைக் கிட்டுக்குத்தான். மேசையில் தாளை விரித்து, ஸ்டென்சில் வைத்து, ஸ்பாஞ்சில் அக்ரிலிக் சாயத்தைக் கொஞ்சமாகத் தொட்டு ஒற்றி, காய்ந்த பிறகு கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டுவது. பிசகினால் ஒரு தாள் போகும், சுவருக்கு ஒன்றுமில்லை. தாள் மெல்லியதாக, 60 ஜிஎஸ்எம் அளவில் இருக்க வேண்டும். மெல்லிய தாள் பசையைக் குடித்துச் சுவரின் மேடுபள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளும். தடித்த தாள் காயும்போது மூலை விறைத்துக் கிளம்பிவிடும். மாவுப் பசை நன்றாகவே ஒட்டும், ஆனால் காய்ச்ச அடுப்பு வேண்டும், வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். கிட்டுக்கு மெத்தில் செல்லுலோஸ் தூளே ஏற்றது: குளிர்ந்த நீரில் கரையும், சிறு பொட்டலம் ஒரு வாளிக்குப் போதும். இன்க்ஜெட்டில் அச்சிட்ட படத்தின் மேல் பசை பட்டால் நிறம் கரைந்து ஓடக்கூடும், லேசர் பிரிண்ட் தாங்கும். இந்த ஒரு வரியைக் குறிப்பில் கட்டாயம் போடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. சில மழைக்கு மேல் இது நிற்காது. ஸ்ப்ரேயின் வேகமும் சுவரோடு நேரடியாக மோதும் கிளர்ச்சியும் இதில் கிடைக்காது. முதல் படத்துக்கு அவை அவசியமில்லை என்பது என் கருத்து.

பெட்டியில் குழாய் வடிவம் பார்க்க அழகு, ஆனால் ஸ்டென்சில் சுருண்டுபோகும். சுருண்டது தட்டையாகப் படியாது, ஓரத்தில் சாயம் கசியும். தகர டப்பா கனம், வழியில் நசுங்கும். ஏ3 அளவில், ஒன்றரை மி.மீ. நெளி அட்டையில் தட்டைப் பெட்டி போதும். பெரிய தாள்களை ஒருமுறை மடித்து வைக்கலாம், மடிப்பு பசை ஈரத்தில் படிந்துவிடும். பசைத்தூளைத் தனி உறையில் ஈரம் புகாமல் மூடுங்கள். செய்முறையைச் சிறு புத்தகமாகப் போடாமல் மூடியின் உட்புறத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பசைக் கையோடு பக்கம் புரட்ட முடியாது.

கூடவே, சுவரின் சொந்தக்காரர் கையெழுத்திடும் ஒப்புதல் தாள் ஒன்று. பசைக் கிட்டில் இதற்கு ஒரு வசதி உண்டு. முடித்த படத்தையே கையில் கொண்டுபோய், சுவரில் பிடித்துக் காட்டி, "இதைத்தான் ஒட்டப்போகிறோம், இந்த இடத்தில்" என்று கேட்கலாம். அந்தத் தாளைப் பெட்டியைத் திறந்ததும் முதலில் கைக்கு வருகிற மாதிரி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.