பயிற்சி மாணவியின் கத்தரிக்கு முடியைக் கொடுத்தேன்

படிப்பதற்காக வெளிநாடு வந்து எட்டு மாதம் வரை நான் முடியே வெட்டவில்லை. காசு ஒரு காரணம். எனக்கு என்ன வேண்டும் என்பதை அந்த ஊர் மொழியில் சொல்லத் தெரியாதது அதைவிடப் பெரிய காரணம். அப்போதுதான் ஒரு சலூனின் கண்ணாடிக் கதவில் 'பயிற்சி மாணவர்களுக்கு மாடல் தேவை' என்ற அறிவிப்பைப் பார்த்தேன். வெட்டுவதற்குக் கட்டணம் இல்லை. சாயம் பூசினால் பொருளுக்கான செலவு மட்டும். இதுவரை இரண்டு சலூன்களுக்கு மாடலாகப் போயிருக்கிறேன். ஒன்று நன்றாக அமைந்தது, மற்றொன்று அமையவில்லை.

முதல் சலூனில் முடி வெட்டிக்கொண்டேன். உட்கார்ந்ததும் கத்தரியை எடுக்கவில்லை, படிவத்தை நீட்டினார்கள். கடைசியாக எப்போது சாயம் பூசினீர்கள், மருதாணி போட்டதுண்டா, எதற்காவது ஒவ்வாமை உண்டா, எவ்வளவு நீளம் குறைக்கலாம், புகைப்படம் எடுக்கலாமா என்று வரிசையாகக் கேள்விகள். மொழி புரியாத இடங்களில் பயிற்சியாளர் படம் வரைந்து காட்டினார். நீளத்தை வார்த்தையால் சொல்ல வேண்டாம், உங்கள் கையை வைத்தே காட்டுங்கள் என்றார். தோளில் விரலை வைத்தேன். அந்த இடத்தை அவர் சீப்பால் அளந்து படிவத்தில் எழுதிக்கொண்டார். எட்டு மாதப் பயம் பாதி அங்கேயே போய்விட்டது.

என் முடி அலை அலையானது. எனக்கு வெட்ட வந்த பயிற்சி மாணவியோ அதுவரை நேர்முடி வைத்த பொம்மைத் தலைகளில்தான் பழகியிருந்தாள். ஈரமான முடியில் நான் காட்டிய இடத்திலேயே வெட்டப்போனாள். பயிற்சியாளர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு கற்றையை மட்டும் ஊதி உலர்த்தினார். அது சுருண்டு இரண்டு விரற்கடை மேலே ஏறியது. நீர் பட்டால் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து முடி நீளும். உலரும்போது அவை மீண்டும் சேர்ந்து பழைய வளைவுக்கே போய்விடும். ஈரத்தில் அளந்தது உலர்ந்தபின் நிற்காது என்பதை அவள் அன்று என் தலையில் கற்றுக்கொண்டாள். நானும்தான். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. இரண்டு விரற்கடைத் தவறு சரியாவதற்கு மூன்று மாதமாவது ஆகும்.

பிடரியில் வழிகாட்டிக் கற்றை ஒன்றை வெட்டி, அதற்கு ஒத்து ஒவ்வொரு பகுதியாக மேலே போனாள். கிடையாக வகிடெடுத்து வெட்டியதைப் பயிற்சியாளர் பிறகு நெடுக்காக வகிடெடுத்துப் பார்த்தார். இரண்டு பக்கத்துக் கற்றைகளையும் முகத்துக்கு முன்னால் இழுத்துச் சேர்த்து நீளம் ஒப்பிட்டார். இடப்பக்கம் சற்றுக் கூடுதல் என்று சொன்னாரே தவிர, கத்தரியைத் தான் வாங்கவில்லை. அவளையே திருத்த வைத்தார். இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. கழுத்து வலித்தது. ஆனால், அவ்வளவு கவனம் வேறு எந்த நாற்காலியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாவது இடத்துக்குச் சாயத்துக்காகப் போனேன். காதுக்குப் பின்னால் சாயத்தைத் தொட்டுவைத்து 48 மணி நேரம் பார்க்க வேண்டும் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. அந்த ஒவ்வாமைச் சோதனையை நானே கேட்டுச் செய்துகொண்டேன். கருஞ்சாயங்களில் இருக்கும் பாராஃபினைலீன்டையமீன் என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். 'கருப்பு மருதாணி' என்று தோலில் வரைந்துகொண்டவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்; அதிலும் இதே பொருள் கலந்திருப்பதுண்டு.

சோதனை முடிந்து மறுபடி போன அன்று பயிற்சியாளர் கடையில் இல்லை. நான் அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை, அது என் தவறு. மாணவன், முடியின் நிறத்தை எடுக்கும் ப்ளீச்சை வேரிலிருந்து பூசத் தொடங்கினான். உச்சந்தலையின் சூட்டில் வேர்ப்பகுதி மற்ற இடத்தைவிட வேகமாக வெளுக்கும். அதனால் நடுப்பகுதியையும் நுனியையும் முதலில் பூசி, வேரைக் கடைசியில் தொடுவதே முறை. கழுவியபோது வேரைச் சுற்றி வெளிர் மஞ்சள் வளையம், அதற்குக் கீழே செங்கல் நிறம். கருமுடி வெளுக்கும்போது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்றுதான் இறங்கிவரும்; என் தலையில் மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தன. அந்தப் பையன் கலங்கிப்போனான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயிலும் பிள்ளையைத் தனியாக விட்டுப் போனவர்கள் மேல்தான் வந்தது. மறுநாள் மூத்தவர் ஒருவர் அடர்பழுப்புச் சாயம் பூசி நிறத்தைச் சமன் செய்தார். பணம் வாங்கவில்லை. முடியின் பின்பக்கத்தை மட்டும் படமெடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன், முகத்தோடு வெளியிட்டிருந்தார்கள். சொன்னபின் நீக்கினார்கள்.

போக நினைப்பவர்கள் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: பயிற்சியாளர் முழு நேரமும் கூடவே இருப்பாரா? இல்லை என்றால் வேறு நாளுக்கு மாற்றுங்கள். நேரத்தை இரண்டு மடங்காகக் கணக்கிடுங்கள். தலைக்கு மருதாணி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சில மருதாணிப் பொடிகளில் கலந்திருக்கும் உலோக உப்புகள் ப்ளீச்சோடு சேர்ந்து சூடேறி முடியைப் பொசுக்கிவிடும். மாடலுக்கு ஊதியம் தருகிறோம் என்றால், உங்கள் விசா அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இலவசமாக வெட்டிக்கொள்வது வேறு, கூலி வாங்குவது வேறு.

முதல் சலூன் பெண்ணுக்கு அடுத்த மாதம் தேர்வு. அலைமுடியில் குட்டையாக வெட்டிக் காட்ட வேண்டுமாம். சாயம் பிடித்த நுனியெல்லாம் அதோடு போய்விடும். என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.