கிராவல் ட்ரையத்லான் தயாரிப்பில் டியூப்லெஸ் டயர்கள்: ஏழு மாத அனுபவம்

ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் உள்ள ஓர் ஏரிக்கரையில், செப்டம்பரில் நடந்த கிராவல் ட்ரையத்லானுக்காகப் பிப்ரவரியிலிருந்தே பயிற்சி செய்தேன். ஏரியில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், காட்டுச் சரளைப் பாதையில் 46 கிலோமீட்டர் சைக்கிள், மலைச்சரிவின் ஒற்றையடிப் பாதையில் 10 கிலோமீட்டர் ஓட்டம் என்று அமைந்த போட்டி அது. மியூனிக்கில் வசிப்பதால், சனிக்கிழமைகளில் சைக்கிளோடு ரயிலேறிக் கோஹெலில் இறங்கி, கெஸ்ஸல்பெர்க் மலைச்சாலை வளைவுகளில் மிதித்து வால்ஹென்சே ஏரியை அடைந்து, யாக்கெனாவ் பள்ளத்தாக்கு வழியாக லெங்கிரீஸ் வந்து மறுபடி ரயில் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. இதற்காக நான் வாங்கியவற்றுள் அதிகம் உதவியதும் தொடக்கத்தில் அதிகம் படுத்தியதும் டியூப்லெஸ் டயர்கள்தாம். ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் ஓடிய பிறகு அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் போட்டிருந்தவை டியூப் வைத்த 38 மில்லிமீட்டர் டயர்கள். சாலைச் சைக்கிளில் பழகிய கை என்பதால் காற்றை 3 பாருக்கு (பார் என்பது காற்றழுத்த அலகு) மேல் அடித்துக்கொண்டுதான் கிளம்புவேன். மரலாரிகள் போவதற்காகப் போட்ட காட்டுப் பாதைகளில், கைமுட்டி அளவுக்கு உடைத்துக் கொட்டிய சுண்ணாம்புக் கற்கள் கிடக்கும். இறக்கத்தில் அவற்றின் மேல் சக்கரம் துள்ளித் துள்ளி விழுந்ததில், அரை மணி நேரத்துக்குள் உள்ளங்கை மரத்துப்போகும். மார்ச்சில் ஒரே நாளில் இரண்டு முறை, கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் நசுங்கிப் பாம்பு கடித்தது போல இரட்டை ஓட்டை விழுந்தது. அந்த வாரமே 45 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயருக்கு மாறினேன். பெரிய டயர் வாங்குவதற்கு முன், சேறு அப்பினாலும் உரசாத அளவுக்கு ஃபோர்க்கிலும் பின்சட்டத்திலும் இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

மாட்டியது ஒரு கடையில். ரிம்மின் கம்பித் துளைகளை மூடும் ரிம் டேப்பைச் சரியாக இழுத்து ஒட்டாததால் ராத்திரியில் காற்று இறங்கி, காலையில் டயர் தட்டையாகக் கிடக்கும். இரண்டு முறை கொண்டுபோய்க் காட்டியும் தீராமல் நானே பிரித்து, ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்து, புது டேப்பை விறைப்பாக இழுத்து ஒட்டி, மறுபடி காற்றடித்தேன். டயரின் விளிம்பு ரிம்மில் போய் உட்காரும்போது 'டப்', 'டப்' என்று இரண்டு வெடிச்சத்தம் எழும். அது கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. அதன் பிறகு காற்று இறங்கவேயில்லை.

காற்றழுத்தத்தைக் கண்டுபிடிக்கவே ஒன்றரை மாதம் பிடித்தது. எனக்கு எடை 72 கிலோ. 2.6 பாரில் தொடங்கி, ஒரே இறக்கத்தில் ஒவ்வொரு வாரமும் சிறிது சிறிதாகக் குறைத்து, கடைசியில் முன்னால் 1.9, பின்னால் 2.1 என்று நிறுத்தினேன். 1.7க்கு இறக்கிய நாளில் கல்லில் ரிம் இடித்த 'டங்' என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காற்றைக் குறைத்தால் ஏற்றத்தில் வேகம் போய்விடும் என்ற என் பயம் வீணானது. துள்ளாத சக்கரம் கல்லைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது, செங்குத்தான இடங்களில் பின்சக்கரம் சும்மா சுற்றுவதும் நின்றது. 11 பார் வரை அளவு போட்ட தரை பம்ப்பின் முள்ளை நம்பி இந்த அளவுகளைப் பிடிக்க முடியாது. சின்ன டிஜிட்டல் மானி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

சீலண்ட் என்பது டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும், லேடெக்ஸ் கலந்த வெள்ளைத் திரவம். ஓட்டை விழுந்தால் நுரைத்துப் பீறிட்டு, சில சுற்றுகளில் உறைந்து அடைத்துக்கொள்ளும். யாக்கெனாவ் அருகே பின் டயரில் பக்கவாட்டில் 4 மில்லிமீட்டர் கிழிந்தபோது மட்டும் அது போதவில்லை. காலெல்லாம் வெள்ளைப் புள்ளிகளோடு இறங்கி, புழு போன்ற ரப்பர் திரியை ஊசியால் குத்தித் திணித்ததில் மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்தத் திரி டயரோடு மேலும் 1,500 கிலோமீட்டர் ஓடியது. ஆனால் சீலண்ட் காய்ந்துபோகும் பொருள் என்பதை மறக்கக் கூடாது. ஜூலை வெயிலுக்குப் பிறகு திறந்து பார்த்தபோது, பாலாடை போன்ற ஒரு படலம் தவிர உள்ளே ஒன்றுமில்லை. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 40 மில்லிலிட்டர் ஊற்றுகிறேன். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரால் காற்றடித்தால் சில வகைச் சீலண்டுகள் உள்ளேயே கட்டியாகிவிடும் என்பதால், எடை கூடினாலும் கைப் பம்ப்பையே எடுத்துப் போகிறேன்.

ட்ரையத்லானில் டயரைப் பற்றி இவ்வளவு யோசிப்பதற்கு நீச்சலும் ஒரு காரணம். ஜூன் முதல் வாரத்தில் வால்ஹென்சேயில் தண்ணீர் 14 டிகிரி. அரை மணி நேரம் நீந்திக் கரையேறினால் விரல்கள் சொன்னபடி கேட்காது. வெட்சூட் என்னும் நீச்சல் உடையின் ஜிப்பை இழுக்கவே திணறும் கையால் டியூப் மாற்றுவது நடக்காத காரியம். நீச்சல் முடித்த கையோடு இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பழகுவதற்காகவே நான்கு சனிக்கிழமைகளை ஒதுக்கினேன். மூன்றாவது வாரத்தில் முன்பக்க ரெசின் பிரேக் பேட் தேய்ந்து உலோகம் உரசியதால், பேட்களையும் உலோகத் தூளால் செய்த சின்டர்டு வகைக்கு மாற்றினேன். அவை சத்தம் போடும், ஆனால் நீண்ட இறக்கத்தில் கைவிடாது.

போட்டியன்று ஏரி 17 டிகிரி. சைக்கிள் பகுதியில் பஞ்சர் இல்லை. 31-ஆவது கிலோமீட்டரில் டியூப் மாற்றிக்கொண்டிருந்த இருவரைக் கடந்து போனேன். ஓட்டத்தில் அதில் ஒருவர் என்னை முந்திவிட்டார் என்பது வேறு கதை. பின் டயரின் நடுக் குமிழ்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதால் போன வாரம் அதே அளவில் புதிது மாட்டியிருக்கிறேன். முன் டயர் இன்னும் பழையதுதான். பனி விழும் வரை அது ஓடும் என்று நினைக்கிறேன்.