பழைய வேகன் ஆரா, பழைய ஐ10-ஆ: எட்டு ஆண்டு ஓட்டியபின்

2017 ஆடி மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு கார்களைப் பார்த்தோம். ஒன்று ஹூண்டாய் ஐ10, 1.1 லிட்டர். மற்றொன்று மாருதி வேகன் ஆர். இரண்டும் 2010-ஆம் ஆண்டு வண்டிகள், இரண்டும் பெட்ரோல், விலையில் பத்தாயிரம் ரூபாய்தான் வித்தியாசம். ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் யோசிக்க ஒரு மாதம் கிடைத்தது. அந்த ஒரு மாதம்தான் என்னைக் காப்பாற்றியது.

ஏனென்றால், என் மனம் முதலில் ஐ10 பக்கம்தான் சாய்ந்தது. ஓடோமீட்டரில் 41,000 கிலோமீட்டர். நான்கு சிலிண்டர் எஞ்சின், நின்றுகொண்டிருக்கும்போது ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அமைதி. வேகன் ஆர் 71,000 ஓடியிருந்தது. 998 சிசி, மூன்று சிலிண்டர், பம்பர் முழுக்கக் கீறல்.

எங்கள் பட்டறை அண்ணனை அழைத்துப் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஐ10-இன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, பிரேக் பெடலின் ரப்பரைக் கட்டைவிரலால் தடவினார். வலது ஓரத்தில் வரிகள் மழுங்கி வழவழவென்று இருந்தன. "நாற்பதாயிரம் ஓடிய பெடல் இப்படித் தேயாது சார்" என்றார். டயரின் பக்கவாட்டில் 0914 என்ற எண் இருந்தது. 2014-இன் ஒன்பதாவது வாரத்தில் தயாரான டயர். அப்படியென்றால் இது இரண்டாவது செட் டயர்; மீட்டர் காட்டுவதைவிட வண்டி அதிகம் ஓடியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. அடுத்து, எஞ்சினுக்குள் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட்டை மாற்றினீர்களா என்று கேட்டார். விற்பவரிடம் பதிலும் இல்லை, பில்லும் இல்லை. அந்த 1.1 எஞ்சினில் பெல்ட் உண்டு. வண்டி நின்றே கிடந்தாலும் பெல்ட்டுக்கு வயதாகும். ஓட்டத்தில் அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

வேகன் ஆரில் அதே வேலையைச் செய்வது உலோக டைமிங் செயின்; பெல்ட்டைப் போலக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டியதில்லை. அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது, அதன் உரிமையாளர் கொடுத்த ஒரு கோப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். முதல் இலவச சர்வீஸ் தொடங்கி ஒவ்வொரு பில்லும் தேதி வரிசையில், கிலோமீட்டர் குறித்து, துளையிட்டுக் கோக்கப்பட்டிருந்தது. ஆவணி பிறந்ததும் எடுத்துவிட்டேன்.

இன்று 1,48,000 தாண்டிவிட்டது. ஒரு கிளட்ச் செட், லோயர் ஆர்ம் புஷ்கள், ஏ.சி. கண்டென்சர், இரண்டு பேட்டரி, இரண்டு செட் டயர்: எல்லாம் வயதுக்கான செலவுகள். எஞ்சினைத் திறக்க வேண்டிய நிலை வரவே இல்லை. திருச்சி நகருக்குள் ஏ.சி. போட்டு லிட்டருக்கு 14, தஞ்சாவூர் சாலையில் 18 தருகிறது. மூட்டுவலிக்கார அம்மா குனியாமல் ஏறி உட்கார்கிறார். அந்த உயரமான இருக்கைக்காகவே இந்த வண்டியை நேசிக்கிறேன். 2018-இல் கஜா புயல் அடித்த மறுநாள், பின் இருக்கையை மடக்கி, அரிசியும் தண்ணீர் கேன்களும் ஏற்றிக்கொண்டு பட்டுக்கோட்டைக்குப் போனோம். விழுந்து கிடந்த தென்னைகளை ஒவ்வொன்றாக விலக்க விலக்க வண்டி ஊர்ந்தது. ஒருமுறைகூட அணையவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். சிக்னலில் நிற்கும்போது அதிர்வு ஸ்டியரிங்கில் தெரியும். உயரமான உடல் என்பதால் பக்கக் காற்றுக்கு லேசாக அசையும். எங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லை. அதனால் நெடுஞ்சாலையில் 80-க்கு மேல் போவதே இல்லை. பாதுகாப்பே முதன்மை என்பவர்கள் இந்த வயது வண்டிகளை விட்டுவிட்டு, இவை இரண்டும் உள்ள புதிய மாடலைத் தேடுவதே சரி.

2025-இல் பதினைந்து ஆண்டு முடிந்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, பதிவுப் புதுப்பிப்புக்கு 5,000 ரூபாயும் பசுமை வரியும் கட்டி, ஐந்து ஆண்டு நீட்டிப்பு வாங்கினேன். 2022 ஏப்ரலுக்கு முன் இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாய்தான். வாங்கும்போதே இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக இந்த வயது வண்டிகள் செய்யப்படவில்லை. எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கலாம் என்பதால் எரிபொருள் குழாய்களை நான் முன்னதாகவே மாற்றிவிட்டேன்.

ஐ10 வேண்டாம் என்று சொல்லவில்லை. டைமிங் செயின் உள்ள, 1.2 லிட்டர் ‘கப்பா’ வகை எஞ்சின் கொண்ட ஐ10 முழு பில்களோடு கிடைத்தால் தயங்காமல் பாருங்கள். 1.1 என்றால், பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு, வாங்கிய அன்றே பட்டறைக்கு ஓட்டிப் போய்விடுங்கள்.